பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

படகில் ஏறுகிறவர்கள் போகிற திசையைப் பார்த்துத்தான் உட்காருவார்கள். என் அக்கா வீட்டுக்காரர் மட்டும் பின்பக்கம் பார்த்து உட்காருவார். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். எஞ்சின் கைப்பிடி அக்கா கையில் இருக்கும். அவர் நடுப்பலகையில் திரும்பி உட்கார்ந்து, படகு கிழித்துவிட்டுப் போகும் தண்ணீரையே பார்ப்பார். அந்தத் தண்ணீரில், கயிற்றின் முனையைப் பிடித்தபடி ஒரு பலகை மேல் நான் நின்றுகொண்டிருப்பேன்.

கொழுந்தியாள் விழுந்துவிடக் கூடாதே என்று என்னைத்தான் கவனிக்கிறார் என முதலில் நினைத்தேன். ஒருநாள் விழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே வந்து படகின் விளிம்பைப் பிடித்தேன். அவர் குனிந்து கேட்டார்.

"இடது பக்க அலை மட்டும் ஏன் நுரைச்சுப் போவுது? நீ கிட்டக்க பாத்தியா?"

அவர் அத்தனை வாரமும் பார்த்துக்கொண்டிருந்தது அலையை.

ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கம் ஒரு லோரி கான்வாஸ் தைக்கும் கடையில் எனக்கு வேலை. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மச்சான் பதினாலு வருஷம் ஓர் ஈயக்குட்டையில், ஈயம் தோண்டும் குழியில், பம்புக்காரராக இருந்தவர். குழிக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்து வெளியே தள்ளுவது அவர் பொறுப்பு. எண்பதுகளின் நடுவில் ஈய விலை விழுந்தது. ஒரு நாள் காலையில் பம்புகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கடைசி பம்பை நிறுத்தியவரும் அவர்தான். மழையும் ஊற்றுமாகச் சேர்ந்து அந்தக் குழி ஏரியாகிவிட்டது. பக்கத்தில் ஏற்கெனவே நிறைந்திருந்த பெரிய குட்டையோடு போய்க் கலந்துகொண்டது. அந்தப் பெரிய குட்டையின் அக்கரையில் ஒரு படகு கிளப் இருந்தது. வெள்ளை வெளேரென்ற ஃபைபர் படகுகள், படகு கட்டும் ஜெட்டி, கொடி எல்லாம் உண்டு. இக்கரையில் துருப்பிடித்த குழாய்களும் மணல் மேடும் நாங்களும்.

அவரிடம் ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது. 'போதும்' என்ற சொல். அவரும் சொல்ல மாட்டார். அக்கா சோறு போடும்போது வயிறு நிறைந்துவிட்டால் தட்டை மறைத்துக் கையை நீட்டுவாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். காரணத்தை அக்காதான் எனக்குச் சொன்னாள். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளை அவர். ஆறாம் வகுப்பு முடிந்ததும் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர, தோட்ட ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணியிடம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்து வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் அவர் அப்பா. கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மரம் சீவுறதுக்கு இந்தப் படிப்பு போதும்ப்பா," என்றாராம். அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். பிள்ளை திரும்பவில்லை. மூன்று நாள் ஆபீஸ் வாசலிலேயே நின்றிருக்கிறார். நான்காம் நாள், தொல்லை தாங்காமல் கிராணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஈயக்குட்டையிலும் அப்படித்தான். பழைய பம்பு ஒன்றைக் காட்டி, "இந்தக் குழிக்கு இது போதும்," என்று ஒரு எஞ்சினியர் சொன்னதற்காக, அதைப் பிரித்து, வேறு இரண்டு பம்புகளின் சாமான்களைப் போட்டு, புதியதைவிட அதிகம் இறைக்க வைத்தாராம். யாரும் கேட்கவில்லை. சம்பளமும் கூடவில்லை.

இந்த மனிதரிடம்தான் ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது நான் வாயை விட்டேன். கிளப்புக்குத் தைத்த படகு உறை ஒன்றைக் கொடுக்கப் போன இடத்தில், ஒரு பெண் கட்டைப் பலகை ஒன்றில் சறுக்கிக்கொண்டு படகுக்குப் பின்னால் போனதைப் பார்த்திருந்தேன். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பக்கவாட்டில் வைத்து, அலை மேல் ஏறி, ஒரு கணம் அந்தரத்தில் நின்றாள். அந்த ஒரு கணம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"எனக்கும் அப்படி ஒருக்கா நிக்கணும் மச்சான்," என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எவ்ளோ ஒசரம் எழும்புனா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம், சித்தியவான் பக்கத்து மீனவர் ஒருவர் கழித்துப் போட்ட பதினாலு அடி ஒட்டுப்பலகைப் படகு எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. கூடவே நாற்பது குதிரை சக்தி எஞ்சின் ஒன்று. புகை கக்கும், ஆனால் ஓடும். பலகையையும் அவரே செய்தார். மெல்லிய ஒட்டுப்பலகை மூன்றைப் பசை தடவி அடுக்கி, இரண்டு முனையும் மேலே வளைய, செங்கல் மேல் வைத்துப் பாரம் ஏற்றிக் காயவிட்டார். கால் நுழைக்க டயர் டியூபை வெட்டி வார் வைத்தார். கயிற்றைப் படகின் பின்பலகையில் கட்டினால் என்னைக் கீழே இழுக்கிறது என்று, ஈயக்குட்டைக் குழாய் ஒன்றைப் படகின் நடுவில் மார்பளவு உயரத்துக்குக் கம்பம்போல் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்.

எழுந்து நிற்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நின்ற பிறகுதான் சங்கதி புரிந்தது. அலையே இல்லை. லேசான படகு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை.

"படகு சின்னதுலா. அவ்ளோதான் வரும்," என்றேன்.

அவர் காது சிவந்தது. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லைதான். சொன்ன மாதிரிதான் இருந்தது.

"படகு தண்ணிக்குள்ள எவ்ளோ உக்காருதோ அவ்ளோ தண்ணியத் தள்ளும். தள்ளுற தண்ணிதான் அலை. இது உக்காரலை. உக்கார வெப்போம்," என்றார்.

உட்கார வைக்க அவர் முதலில் பிடித்தது மணல். ஆறு சாக்கு மணலைப் பின்பக்கம் அடுக்கினார். படகின் பின்பலகை தண்ணீருக்கு மேல் ஒரு சாண்தான் தெரிந்தது. அக்கா முகம் சரியில்லை. "இது வேணாங்க," என்றாள். "மெதுவா போலாம்," என்றார்.

அன்றுதான் முதல்முறையாக படகுக்குப் பின்னால் ஒரு நிஜ அலை எழுந்தது. கண்ணாடிபோல் வழுவழுப்பாக, இடுப்பு உயரத்துக்கு. நான் அதில் ஏறப் பார்த்துத் தவறி விழுந்தேன். நான் விழுந்ததைப் பார்த்த அக்கா பதறி எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினாள். படகு நின்றுவிட்டது. அலை நிற்கவில்லை. பின்னாலேயே வந்து பின்பலகையைத் தாண்டி உள்ளே கொட்டியது. மணல் சாக்கு படகை இழுத்துக்கொண்டு கீழே போனது. எண்ணி முடிப்பதற்குள் முன்முனை மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது.

அக்காவுக்கும் மச்சானுக்கும் நீச்சல் தெரியாது. நான் மட்டும் தோட்டத்து ஆற்றிலேயே கிடந்து வளர்ந்தவள். பலகையைத் தள்ளிக்கொண்டு போய் அக்கா கைக்குக் கொடுத்தேன். அவர் படகின் முனையைக் கட்டிப்பிடித்திருந்தார். கரை கிட்டத்தில் இருந்தது, பிழைத்தோம்.

மணலில் குப்புறக் கிடந்து அக்கா வாந்தி எடுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் படகு முழுகிய இடத்தையே பார்த்தபடி நின்றார்.

"பின்பலகை தாழ்வு. அரை அடி ஏத்தணும்," என்றார்.

அக்கா எழுந்தாள். ஈரக் கையால் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நான் அதற்கு முன்னும் பின்னும் அவள் அவரை அடித்துப் பார்த்ததில்லை. அவர் அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என்ன மனுஷன் இவர், பெண்டாட்டி சாகப் பிழைத்துக் கிடக்கிறாள், இவர் பலகைக்கு அளவு எடுக்கிறாரே என்று நினைத்தேன். பிறகு அவர் கைகளைப் பார்த்தேன். கரை ஒதுங்கிய அக்காவின் ஒற்றைச் செருப்பை இரண்டும் விடாமல் பிடித்திருந்தன. அதில் ஒட்டிய மணலைத் துடைத்து அவள் காலருகே வைத்தார்.

ஒரு வாரம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தவள், சேலையை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க நீந்தக் கத்துக்கணும். நானும் கத்துக்கணும். அதுக்கு அப்புறந்தான் படகு."

இனி வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவளும் அவருக்கு ஏற்ற ஆள்தான். முப்பத்தெட்டு வயதில் அவரும் முப்பத்து மூன்றில் அவளும், லோரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் தண்ணீரை அடித்தார்கள். கடையில் மிஞ்சிய கான்வாஸில் பஞ்சுமெத்தை நுரையை அடைத்து மூன்று பேருக்கும் மிதவைச் சட்டை தைத்தேன்.

டியூபில் மிதந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. அங்கேயே நின்று கத்திக் கூப்பிட்டார்.

"புள்ள, மணல் முழுகும். தண்ணி தண்ணிக்குள்ள முழுகாதுலா. படகுல இருந்தா பாரம், படகு கவுந்தா பாரமே இல்ல."

லோரி டியூபுகளுக்குள் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர். வட்டமாக இருந்தால் படகில் உருளும் என்பதால், அவற்றை நீளவாக்கில் மடக்கி நுழைக்கும்படி நான் கான்வாஸ் உறை தைத்தேன், லோரிக்குப் போடும் இரட்டைத் தையல். குட்டையிலேயே இறைத்து நிரப்ப ஒரு சின்னக் கைப்பம்பு செய்தார். பதினாலு வருஷம் அந்தக் குழியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளியவர், இப்போது அதே தண்ணீரை அள்ளி அள்ளிப் படகுக்குள் ஏற்றினார். முழுகிய படகைக் கரைக்கு இழுத்து, எஞ்சினைப் பிரித்துக் காயவைத்திருந்தவர், பின்பலகையை அரை அடி உயர்த்தினார். வேகத்தைவிட இழுவை தரும் விசிறி ஒன்றைத் தேடிப் பிடித்து எஞ்சினில் மாட்டினார். நான் விழுந்தால் எஞ்சினை நிறுத்தக் கூடாது, மெல்லக் குறைத்து வட்டமடித்து வரவேண்டும் என்று அக்காவே சட்டம் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த இடது பக்க நுரைக் கேள்வி. இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவர் கண்டுபிடித்த பதில், அக்கா வலது பக்கம் உட்காருகிறாள் என்பது.

"நான் குண்டுங்கிறீங்களா?" என்றாள் அக்கா.

"இடது பக்கம் ஒல்லிங்கிறேன்," என்றார். இடப்பக்கம் ஒரு டியூப் கூடியது. நுரை போனது.

அக்கம்பக்கத்துக்கு இது பொறுக்கவில்லை. 'வேலை வெட்டி இல்லாதவன், கொழுந்தியாளைத் தண்ணியில நனைய வுட்டு வேடிக்கை பாக்குறான்' என்று பேச்சு வந்தது. அதிகம் பேசியது எதிர்வீட்டு அம்மா. நல்ல கனமான உடம்பு. அந்தச் சமயத்தில் எங்கள் படகு பின்னால் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அக்காவுக்கு முன்னால் வருவது தெரியவில்லை. அலையும் குட்டையாகச் செங்குத்தாக எழுந்து, நான் ஏறுவதற்குள் உடைந்தது. மச்சான் நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மா, நீங்க பேசுறது காதுல விழுந்துச்சு. வந்து நேர்ல பாத்துட்டுப் பேசுங்க. முன்னால உக்கார கனமான ஆளும் வேணும்."

திட்டுவாள் என்று நினைத்தோம். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "விழுந்துற மாட்டேனே?" என்றாள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களுக்கு முன்னால் குட்டைக்கு வந்து நிற்பாள். முன்முனையில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ராணிபோல உட்காருவாள். அலை நீண்டு சாய்வானது. நான் அதில் ஏறக் கற்றுக்கொண்டேன். ஓர் அலையிலிருந்து எழும்பி எதிர் அலைக்குப் போய்ச் சேருவது மட்டும் கைகூடவில்லை. நடுவிலேயே விழுவேன்.

அந்த வருஷம் கிளப் ஒரு நீர் விளையாட்டு நாள் அறிவித்தது. யாரும் சேரலாம் என்று போட்டிருந்தது. மச்சான் விண்ணப்பப் பாரத்தை எழுதி நிரப்பிக் கொடுத்தார். கிளப்பின் செயலாளர் எங்கள் கரைக்கு வந்து படகைப் பார்த்தார். டியூபைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இதை ஜெட்டி பக்கம் கொண்டுவர முடியாது. பார்க்க நல்லா இருக்காது," என்று மலாயில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் பெண் வேண்டுமானால் வரட்டும். எங்கள் படகு இழுக்கும். உங்களுக்கு அது போதுமே."

மச்சான் குனிந்து அந்த டியூபைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார்.

நான் போக ஆசைப்பட்டேன். மறைத்து என்ன பயன். அந்த வெள்ளைப் படகின் பின்னால் போக வேண்டும் என்று அந்த உறையைத் தைத்த நாளிலிருந்து ஆசை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"மச்சான், நான் போகவா?"

"நிக்கப் போறது நீ. உன் இஷ்டம்."

"கோவமா?"

"கோவந்தான். உன் மேல இல்ல."

விளையாட்டு நாளில் ஜெட்டியில் நல்ல கூட்டம். ஒலிபெருக்கியில் என் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். வெள்ளைப் படகு சீறிக் கிளம்பியது. நான் எழுந்து நின்றேன். படகுக்குப் பின்னால் தண்ணீர் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. அது இரண்டு காலிலும் நீளக் கட்டை மாட்டிச் சறுக்குகிறவர்களுக்காக, வேகமாகப் போகவும் அலை எழாமல் இருக்கவும் செய்த படகு. நான் முன்பு பார்த்த பெண் வேறொரு படகின் பின்னால் போனவள் என்பதே அப்போதுதான் உறைத்தது. மெதுவாகப் போகும்படி ஓட்டுநருக்குச் சைகை காட்டினேன். அவர் எனக்குப் பயம் என்று நினைத்துச் சிரித்தார். பொம்மைபோல நேராக நின்றுகொண்டே ஒரு சுற்றுப் போனேன். கூட்டம் கை தட்டியது. தோட்டத்துப் பெண் விழாமல் நிற்கிறாளே என்று தட்டிய கைதட்டல் அது.

எங்கள் கரை தெரிந்தது. மணல் மேட்டுக்குக் கீழே எங்கள் படகு தண்ணீரில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. டியூபெல்லாம் நிரப்பியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா முன்முனையில் இருந்தாள். அக்கா கை எஞ்சினில். அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நான் கயிற்றை விட்டேன்.

வெள்ளைப் படகு என்னைத் தேடி வட்டமடிப்பதற்குள் பலகையைத் தள்ளிக்கொண்டு இக்கரைக்கு நீந்தினேன். அவர் கயிற்றை எறிந்தார்.

"அதுல அலையே இல்ல மச்சான்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எரிச்சல்ல சொல்றேன்னு நெனச்சிருப்பே," என்றார். "கையத் தளர்த்திப் பிடி. அலை உச்சியில முழங்கால நிமித்து. போலாம்."

அக்கா ஜெட்டிக்கு நேராகவே விட்டாள். புகை கக்கிக்கொண்டு, மூன்று பேர் பாரத்தோடு அரைக் குட்டைத் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டதுபோல் எங்கள் படகு உறுமியது. எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பச்சைச் சுவர்கள் எழுந்தன. வெளியே விலகிப் போய், திரும்பி, வலப்பக்கச் சுவரில் ஏறி, உச்சியில் முழங்காலை நிமிர்த்தினேன். கீழே தண்ணீர் இல்லை. சத்தமும் இல்லை. எதிர் அலையின் இறக்கத்தில் பலகை பட்டென்று விழுந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜெட்டியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிறகு கூச்சல் எழுந்தது. அந்தப் படகு உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கி மூன்று தடவை சொன்னது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எஞ்சின் சத்தத்துல காது கேக்கலலா," என்றார் அவர். "இன்னொரு சுத்து வுடு."

மூன்று சுற்று விட்டோம். பரிசு கிடையாது. போலீஸ்காரர் ஒருவர் வந்து எச்சரித்துவிட்டு, போகும்போது டியூபை எப்படி மடித்தோம் என்று கேட்டுப்போனார்.

ஒரு மாதம் கழித்து அந்தச் செயலாளரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் படகுக்கும் அதே மாதிரி பைகள் வேண்டுமாம். மச்சான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"செஞ்சு தாரேன். ஞாயித்துக்கிழமை ஜெட்டிய எல்லாருக்கும் தொறந்து வுடுங்க. எங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

"கமிட்டி ஒத்துக்கொள்ளாது."

"கேட்டுட்டு வாங்க," என்றார் மச்சான். "அதுவரைக்கும் நாங்க அந்தக் கரையிலயே இருக்கோம்."

கமிட்டி பதில் சொல்லவே இல்லை. ஆனால் எங்கள் கரைக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஜெலாப்பாங் தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். கமுந்திங்கிலிருந்து இரண்டு பேர் பஸ் பிடித்து வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் நீந்த விட்டுப் பார்ப்பாள் அக்கா. அதற்கப்புறம்தான் பலகை. அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் கனத்துக்கும் ஏற்றபடி டியூபை நகர்த்திக்கொண்டே இருப்பார்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை லோரியில் படகை ஏற்றிக்கொண்டு போனால், எங்கள் கரையை மறித்து முள்கம்பி வேலி. வீடு கட்ட நிலத்தை விற்றுவிட்டார்களாம். உள்ளே நுழையக் கூடாது என்ற பலகை புதுப் பெயிண்ட் வாசம் மாறாமல் தொங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் நாலிலும் எழுதியிருந்தது. மச்சான் லோரியிலிருந்து இறங்கி நாலாவது வரியை ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"வெளிய நில்லுன்னு சொல்றப்ப மட்டும் நம்ம பாஷையில எழுத மறக்க மாட்டேங்கிறானுங்க," என்றார்.

எங்களோடு வந்த பெண்கள் தொழிற்சாலைச் சீருடைப் பைகளோடு நின்றிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பலாமா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். அக்கா லோரியின் பின்னால் ஏறி, படகின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மச்சான் ஓட்டுநரிடம் தெற்கே விடச் சொன்னார். கோப்பேங் தாண்டி முதல் குட்டையில் கரை செங்குத்து. அடுத்ததில் தண்ணீருக்குள் மரக்கட்டைகள். கம்பார் தாண்டி மூன்றாவதில், பன்னிரண்டு மணி வெயிலில், படகை இறக்கினோம்.